தாய் எங்கே நின்றாள்?

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஆல்பம் ஒன்று மிச்சமிருந்தால் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பட்டுச்சேலையில் விறைத்து நிற்கும் அத்தை, முதன்முதலாக முழுக்கால்சட்டை போட்ட சித்தப்பா, மொட்டையடித்த பிள்ளை, காதுகுத்து, புதுவீட்டுப் படியில் உட்கார்ந்த உறவுக் கூட்டம் என்று வரிசையாக வரும் படங்களுக்கு நடுவே, கழுத்தில் புதுக்கயிறும் இரண்டு பக்கமும் நீட்டிய காதுகளுமாக ஒரு கன்றுக்குட்டி நிற்கும். ரோலுக்குப் பன்னிரண்டு படம் மட்டுமே விழுந்த காலத்தில், கழுவுவதற்கு ஒரு கூலி, பிரிண்ட் போட ஒரு கூலி என்று ஸ்டூடியோக்காரரிடம் எண்ணிக் கொடுத்த காலத்தில், அந்தப் பன்னிரண்டில் ஒன்றைக் கன்றுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், அந்த வீட்டில் அதற்கு என்ன இடம் இருந்தது என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம். இப்போது என் கைப்பேசியில் உள்ள கன்றுப் படங்களை நான் எண்ணியதே இல்லை. எண்ணத் தேவையில்லாமல் போனதை ஒரு வசதி என்றுதான் முதலில் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே, மழை கணக்குப் பார்த்துப் பெய்யும் சீமை. ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு வயல் எப்படியோ அப்படி எங்களுக்குக் கொறங்காடு. சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். காலையில் படலைத் திறந்து காங்கயம் மாடுகளை உள்ளே விட்டால் மேய்ப்பவர் இல்லாமலே பொழுது சாயும்வரை அவை மேய்ந்து கிடக்கும். நிறைமாதப் பசுவைக் கட்டுத்தரையில் பிடித்துக் கட்ட நினைத்திருக்கும் நாளிலேயே அது கொறங்காட்டில் ஈன்றுவிடும். மத்தியானம் பார்த்தால் வயிறு சுருங்கி, மடி கனத்து, தண்ணீர்த் தொட்டிக்குத் தனியாக வந்து நிற்கும். கன்றைக் காணோம். வேலியோரம் எங்கோ புல்மறைவில் படுக்க வைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். பிறந்த முதல் சில நாட்களுக்குக் கன்றை ஒளித்து வைப்பது வீட்டு மாட்டின் ரத்தத்தில் இன்னும் கலையாமல் இருக்கிற காட்டுப் பழக்கம். கன்றும் அதற்கு உடந்தை. நாம் பக்கத்தில் கால் வைத்து நடந்தாலும் தலையைத் தரையோடு ஒட்டி மூச்சை அடக்கிக் கிடக்குமே தவிர எழுந்து ஓடாது.

தேடிப் போகிற பையன்களுக்கு எங்கள் அம்மிச்சி ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். “மொதல்ல தாய்க்காரிகிட்டப் பேசோணும் கண்ணு, அப்பறந்தான் புள்ளையப் பாக்கோணும்.” பேசுவது என்றால் வாயால் பேசுவது மட்டும் இல்லை. பசுவின் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக வர வேண்டும், அவளுக்கும் கன்றுக்கும் நடுவில் ஒருநாளும் நிற்கக் கூடாது, கையை நீட்டி முகர்ந்துபார்க்க விட வேண்டும், காது பின்னால் மடிந்தால் அப்படியே நின்றுகொள்ள வேண்டும், காது தளர்ந்து அவள் அசைபோடத் தொடங்கிய பிறகுதான் அடுத்த எட்டு. இந்த மரியாதைகள் எல்லாம் முடிய அரைப்பொழுது ஆகும். அவள் தானாக ‘ம்ம்’ என்று அடித்தொண்டையில் குரல் கொடுப்பாள். புல்லுக்குள்ளிருந்து ஈரம் காயாத செம்பழுப்பு உருவம் ஒன்று முதலில் பின்னங்கால்களை நிமிர்த்தி, முன்முட்டி இரண்டையும் தரையில் ஊன்றி, அப்படியே சற்று நேரம் யோசித்து, பிறகு எழும். குளம்பின் நுனியில் மஞ்சளாய், இளசாய் ஒரு சதை மூடியிருக்கும். தாயின் வயிற்றுக்குள் குளம்பு கிழித்துவிடக் கூடாது என்பதற்காக உள்ள அந்த உறை, மண்ணில் நடக்க நடக்கத் தேய்ந்து உதிர்ந்துவிடும். நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரக் கிளையில் கட்ட அப்பாரு போவார். வீட்டுக்குள் சீம்பால் அடுப்பில் ஏறியிருக்கும். கருப்பட்டியும் ஏலக்காயும் போட்ட அந்தத் திரட்டு ஆறுகிறவரை நாங்கள் கட்டுத்தரைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்போம்.

மாமாவிடம் ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. நூற்றிருபது ரோல், பன்னிரண்டு சதுரப் படங்கள், பத்தடி தள்ளி நின்றால்தான் முகம் தெளிவாக விழும். அந்தக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் கொறங்காட்டுக்குள் நடந்த நடை இப்போதும் எனக்குப் பிடித்திருக்கிறது. உலகத்தில் முக்கியமான வேலை ஒன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று நம்பிய நடை அது. அந்த நம்பிக்கை தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. பிறந்த கன்றைப் படமெடுத்துத் தாராபுரம் ஸ்டூடியோவில் கொடுத்து, ரோல் முடியும்வரை காத்திருந்து, கழுவிப் பிரிண்ட் வாங்கிப் பார்க்கும்போது, கன்று படத்தில் சாம்பல் நிறத்தில் நிற்கும். காங்கயம் கன்று செம்மையாகப் பிறந்து ஆறு மாதத்தில்தான் சாம்பலுக்கு மாறும். கறுப்பு வெள்ளை ஃபிலிமோ அதைப் பிறந்த அன்றைக்கே சாம்பலாக்கிவிடும். அதற்காகவே ஒரு நோட்டுப் போட்டேன். படத்தின் எண், கன்றின் நிறம், பொழுது, வெயில் விழுந்த திசை, கடைசிக் கட்டத்தில் அம்மிச்சிக்காக ஒரு கேள்வி: தாய் எங்கே நின்றாள்? படத்துக்குள் வராத இரண்டையும், நிறத்தையும் தாயையும், நோட்டுதான் வைத்திருந்தது.

1980-களின் தொடக்கத்தில் வங்கி வேலை என்னைக் கூடலூருக்கு அனுப்பியபோது, ஒரு மலைச்சரிவு இறங்கினால் முதுமலை என்ற செய்தி எனக்கு மாற்றல் உத்தரவை விடப் பெரிதாகத் தெரிந்தது. 1940-இலேயே சரணாலயமாக்கப்பட்ட காடு. கையில் அப்போது முப்பத்தைந்து மில்லிமீட்டர் கேமராவும் இருநூறு மில்லிமீட்டர் லென்ஸும். ஃபிலிம் ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் தயாரான ‘இந்து’. நீலகிரியில் செய்த ஃபிலிமில் நீலகிரி அடிவாரத்துக் கன்றுகளைப் பிடிக்கிறோம் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது. அந்த ஆலை இப்போது இல்லை. அந்தச் சிறிய அட்டைப்பெட்டியைத் திறக்கும்போது எழும் மணத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம்.

முப்பத்தாறு படங்கள் என்பது பன்னிரண்டைப் பார்த்தவனுக்குப் பெருஞ்செல்வம். ஆனாலும் இருநூறு மில்லிமீட்டரில் ஒரு கன்று சட்டத்தை நிறைக்க வேண்டுமானால் கிட்டத்தில் இருந்தாக வேண்டும். கிட்டத்தில் இருக்கத் தாய் சம்மதிக்க வேண்டும். கொறங்காட்டு விதி காட்டிலும் அப்படியே செல்லுபடியானது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நகரத்துக்காரர்கள் காட்டெருமை என்று சொல்லும் காட்டுமாடு ஈனும் நேரத்தில் மந்தையை விட்டு ஒதுங்கி, சில நாள் கழித்துக் கன்றோடு திரும்பி வரும். கறுத்துத் திரண்ட அந்த உடம்புக்குப் பக்கத்தில் நடக்கும் கன்றோ அறுப்புக்கு நிற்கும் சோளத்தட்டின் பொன்னிறம். பெரிய மாடுகளின் அடையாளமான வெள்ளைக் காலுறை அதற்கு இன்னும் வந்திருக்காது. மாதங்கள் போகப் போகப் பொன் மங்கிப் பழுப்பாகி, பழுப்பு காப்பிக்கொட்டை நிறமாகி, ஒருநாள் முழங்காலுக்குக் கீழே வெள்ளை எட்டிப் பார்க்கும். என் ‘இந்து’ ரோலில் இதுவும் சாம்பல்தான். மறுபடியும் நோட்டு. “கன்று பொன், மூக்கு கறுப்பு, தாய் மூங்கிலுக்கு இடப்பக்கம், காது முன்னால்” என்று அன்று எழுதியதை இன்று படிக்கும்போது, படத்தைப் பார்ப்பதை விடத் தெளிவாக அந்தக் காலை எனக்குத் தெரிகிறது.

புள்ளிமான் வேறொரு பாடம். அதுவும் குட்டியைப் புல்லில் ஒளித்துவிட்டு மேயப் போகிற இனம். பால் கொடுக்க மட்டும் வரும், மற்ற நேரத்தில் தள்ளியே நிற்கும். தாய் பக்கத்தில் இல்லாததே குட்டிக்குப் பாதுகாப்பு என்பது நமக்குப் புரிய நேரமாகிறது. தனியாகக் கிடக்கிறதே, பாவம், அநாதை என்று அள்ளிக்கொண்டு வந்து வனத்துறை அலுவலகத்தில் கொடுக்கும் நல்ல மனிதர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். தூக்கி வந்த அந்த நிமிஷத்தில்தான் அது அநாதையாகிறது. நீங்கள் ஒரு மான்குட்டியை அப்படிப் பார்க்க நேர்ந்தால், தயவுசெய்து தொடாமல், நின்று பார்க்காமல், வந்த வழியே திரும்புங்கள். அதற்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

யானைக்கன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பொழுது போதாது. ஏறத்தாழ இருபத்திரண்டு மாதம் சுமந்து பெற்ற பிள்ளை, பிறக்கும்போதே நூறு கிலோ அளவில் இருக்கும் பிள்ளை, தன் முகத்தில் தொங்கும் தும்பிக்கையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதை மாயாற்றின் அக்கரையில் எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறேன்! ஆட்டிப் பார்க்கும், தானே மிதித்துக்கொள்ளும், தண்ணீர் குடிக்கத் தும்பிக்கையை மறந்து முன்னங்காலை மடக்கி வாயையே ஆற்றில் வைத்துவிடும். பால் குடிப்பதும் வாயால்தான். தாயின் முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கும் மடியைத் தேடும்போது தும்பிக்கையை நெற்றியின் மேல் மடித்துப் போட்டுக்கொள்ளும். தாயின் சாணத்தைத் தின்னவும் செய்யும். இலையையும் பட்டையையும் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அதன் குடலுக்குள் அப்படித்தான் குடியேறுகின்றன. இங்கே தாய் ஒருத்தி அல்ல. பெரியம்மா, சித்தி, அக்கா என்று மந்தையே சுவராக நிற்கும். அந்தச் சுவரில் கால்களுக்கிடையே திறக்கும் சின்னச் சந்தில்தான் கன்று தெரியும், அடுத்த நொடி மூடிக்கொள்ளும். திறக்கும் என்று காத்திருந்த அந்த நேரம்தான், படம் விழுந்ததோ இல்லையோ, எனக்கு யானைகளைக் கற்றுக்கொடுத்தது.

அந்நாளில் எங்களுக்கெல்லாம் முன்னோடி மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர், 1996-இல் மறையும்வரை காட்டைப் பற்றி எழுதியவர். வண்ண ஃபிலிம் எங்கும் கிடைத்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடாமல், வெவ்வேறு பாகங்களைத் தானே சேர்த்து அமைத்துச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்ட கேமராவைத் தூக்கிக்கொண்டு, முதுமலைக் காட்டில் வளர்ப்பு யானை மேல் ஏறியும் காலால் நடந்தும் படமெடுத்தவர். அவருடைய படங்களில் விலங்கு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், நம்மைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்காது. அந்த ஒன்றைத்தான் நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

இப்போது என்னிடம் இருக்கும் கேமராவில் சத்தமே இல்லை. அன்று என் கேமராவின் கண்ணாடி ‘டக்’ என்று மேலெழும் சத்தத்துக்கே முப்பது மான்கள் ஒருசேரத் தலை தூக்கும். இன்று நொடிக்கு இருபது படம் எடுத்தாலும் ஒரு காதும் அசைவதில்லை. அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ் காட்டுமாட்டுக் கன்றின் இமைமயிர் வரை கொண்டுவந்து தருகிறது, பொன்னிறத்தைப் பொன்னிறமாகவே தருகிறது. நன்றாகத் தள்ளி நின்றுகொள்ளலாம் என்பது மாட்டுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இந்த வசதிகளை இளமையில் கேட்டிருந்தால் வரமென்று வாங்கியிருப்பேன், இன்றும் மனமார வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தாயிடம் பேசுகிற அந்த அரைப்பொழுது லென்ஸுக்குள் எங்கோ கரைந்துபோனது. கன்றின் முகம் சட்டம் முழுக்க நிறைகிறது, தாய் சட்டத்துக்கு வெளியே எங்கோ நிற்கிறாள். அவள் காது முன்னால் இருந்ததா, பின்னால் மடிந்திருந்ததா என்று வீட்டுக்கு வந்து யோசித்தால் நினைவில் இல்லை.

தொலைவில் நிற்கத் தெரிந்த லென்ஸ்கள் சிலரிடம்தான். மற்ற எல்லோரிடமும் கைப்பேசி, அதற்குக் கிட்டப் போயாக வேண்டும். மசினகுடி சாலையில் யானைக் குடும்பம் ஒன்று கடக்கக் காத்து நிற்கும்போது, முதல் கார் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் நிற்கிறது, கண்ணாடிகள் இறங்குகின்றன, கைகள் நீள்கின்றன. குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் காட்டுமாடுகள் வீட்டு வாசல்வரை வந்து பழகிவிட்டன. அவற்றின் கன்றோடு படமெடுத்துக்கொள்ள முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறார்கள். முதுகைக் காட்டி! ஒரு டன் எடை வரை வளரும் இனத்தின் தாய் எதிரே நிற்கும்போது அவளைப் பார்க்காமல், நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருக்கும் துணிவு எனக்கு இன்னும் விளங்கவில்லை. கோபத்தைவிட எனக்கு வருத்தம்தான் அதிகம், ஏனென்றால் இவர்களும் ஆசையால்தான் வருகிறார்கள். ஆல்பத்தில் கன்றுக்கு ஒரு படம் ஒதுக்கிய அதே ஆசைதான் இது. வழி சொல்லித் தர ஓர் அம்மிச்சி இல்லாமல் போய்விட்டது.

தெப்பக்காடு முகாமிலும் இதைப் பார்த்தேன். தாயை இழந்த யானைக்கன்று ரகுவையும் அதை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியையும் பற்றிய ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் வாங்கிய பிறகு, கன்றைப் பார்க்கவென்றே ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். நான் கூடலூரில் இருந்த நாட்களில் அங்கே கேழ்வரகுக் களி உருட்டிக் கொடுக்கும் நேரத்தில் மாவூத்தர்களின் பேச்சும் யானைகளின் மூச்சும்தான் கேட்கும். இன்று கூட்டத்தின் ஆரவாரம். ஆனாலும் ஒரு கன்றை வளர்க்க ஒரு மனிதத் தாய் இரவெல்லாம் கண்விழிக்கிறாள் என்பதை உலகம் முழுக்கத் தெரிந்துகொண்டதே, அதை நான் குறைவாக மதிக்க மாட்டேன்.

புதிய கருவிகள் தராத ஒன்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. பாக் விரிகுடாவில் ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு இருக்கிறது. 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கென்று காப்பகமாக அறிவித்தார்கள், இந்தியாவிலேயே முதல் கடற்பசுக் காப்பகம். படகிலிருந்து பார்த்தால் மூச்சு விட எழும் மூக்கு நுனி ஒரு கணம் தெரியும், அவ்வளவுதான். கன்று இருந்தாலும் தெரியாது. ட்ரோன் மேலிருந்து பார்க்கும்போது, கடற்புல் படுகைக்கு மேலே தாயும் அவள் விலாவை ஒட்டி நீந்தும் கன்றும் முழு உருவத்தில் தெரிகின்றன. கடற்பசுவுக்குப் பால்காம்பு முன்துடுப்புகளின் அடியில் இருக்கிறது. யானைக்கு முன்னங்கால்களுக்கு நடுவில். வெகு தூரத்துச் சொந்தக்காரர்கள் இவர்கள், ஒருவர் காட்டுக்குப் போக ஒருவர் கடலுக்குப் போயிருக்கிறார்கள். ட்ரோனிலிருந்து எடுத்த தாயும் கன்றும் உள்ள காட்சியைத் திரையில் முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கொறங்காட்டுப் பையனுக்கு அதைக் காட்ட முடிந்திருந்தால் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

2023 டிசம்பர் கடைசியில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மந்தையைப் பிரிந்த குட்டியானை ஒன்றை வனத்துறையினர் தாயிடம் சேர்த்தார்கள். ட்ரோனைப் பறக்கவிட்டு மந்தை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, கன்றைக் கொண்டுபோய் விட்டு, விலகி நின்று கவனித்தார்கள். பிறகு தாயின் அருகில் அவளை ஒட்டியே கன்று படுத்துத் தூங்கும் படம் நாடெங்கும் போனது. அந்தப் படம் எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று யோசித்தால், அதில் தாய் சட்டத்துக்குள் இருக்கிறாள். எடுத்தவர்கள் முதலில் தாயைத் தேடினார்கள், கன்று அதற்கப்புறம்.

என் மகள் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். நோட்டையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்றைய படக்கோப்பு நாள், மணி, லென்ஸ், எடுத்த இடம்கூடத் தானாகக் குறித்துக்கொள்கிறது. அந்த இடக்குறிப்பை அழித்துவிட்டு அனுப்புங்கள் என்று காட்டில் வேலை செய்பவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள், வேட்டைக்காரனுக்கும் கூட்டத்துக்கும் அது வழிகாட்டும் என்பதால். எத்தனையோ குறித்துக்கொள்ளும் அந்தக் கோப்பில் என் நோட்டின் கடைசிக் கட்டம் மட்டும் இல்லை. அதனால் எனக்குக் கன்றுப் படம் அனுப்புகிற இளையவர்கள் எல்லோருக்கும் நான் அந்தக் கேள்வியையே பதிலாக எழுதுகிறேன். சிலர் சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

போன மாதம் கோத்தகிரியில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஒரு காணொளி அனுப்பினான். தேயிலைப் பாத்திக்கு நடுவே பொன்னிறக் கன்று ஒன்று தன் வாலைத் தானே துரத்துகிறது. நான் கேட்பதற்கு முன்பே கீழே எழுதியிருந்தான்: “மாமா, தாய் வலப்பக்கம் சில்வர் ஓக் அடியில. காது தளர்வாத்தான் இருந்துது. நான் வண்டிய விட்டு எறங்கவே இல்ல. அரை மணி நேரம் பார்த்துட்டு, அவ படுத்ததுக்கப்பறந்தான் ஃபோன எடுத்தேன்.” கன்றின் காலில் வெள்ளை வந்துவிட்டதா என்று உற்றுப் பார்த்துச் சொல்லும்படி அவனுக்கு எழுதியிருக்கிறேன்.